வணிகர்க்குத் தனிக் கணக்கு

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளியில் இலக்கணமும் இலக்கியமும் பயிற்றிக் காலங் கழிக்கும் எம்மை, கைப்பேசி வழியாகப் பணம் பெறும் முறையைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். "தமிழாசிரியருக்கும் பணத்துக்கும் என்ன உறவு?" என்று முன்வரிசையில் இருப்போர் நகைப்பது எமக்குத் தெரிகின்றது. உறவு மிகக் குறைவேயாம். ஆயினும் இப்பொருளில் யாம் செய்த பிழையொன்று எம் குடும்பத்தில் ஒருவரைப் பெரிதும் வருத்திற்று. அப்பிழையினின்று கற்றதனை உங்கள்முன் வைத்தல் கடமையெனக் கருதியே இசைந்தோம்.

நம் நாடு கரிசல் நாடு. வானம் பார்த்த பூமி. கார்காலத்து மழை வாய்த்தால் பருத்தியும் கம்பும் உளுந்தும் வீடு வரும்; வாயாவிடின் கடனே வரும். அதனாலன்றோ நம்மவர் நிலத்தை மட்டும் நம்பியிராமல், மூட்டையைத் தலையிலேற்றிச் சந்தை சந்தையாகத் திரிந்து வணிகம் பயின்றனர்! அக்காலத்து வணிகத்துக்கு முகமே முதல். அறிந்தவர்க்குக் கடன், அறியாதவர்க்குக் கைக்காசு என்பதே முறை. தொலைவிலுள்ளாரோடு கொள்வன கொடுப்பனவற்றுக்கு உண்டியல் இருந்தது. அரசாங்கத்துத் தபாலிலாகா 1877 ஆம் ஆண்டில் வி.பி.பி. முறையையும், 1880 ஆம் ஆண்டில் மணியார்டரையும் ஏற்படுத்திய பின், முகமறியாதாரிடமும் சரக்கனுப்பிப் பணம் பெறுதல் கைகூடிற்று.

இன்று அவ்வரிசையில் வந்து நிற்பது யு.பி.ஐ. என்னும் முறை. தேசியக் கொடுப்பனவுக் கழகம் இதனை 2016 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தொடங்கிற்று. அவ்வாண்டு நவம்பர் 8 ஆம் நாள் இரவு, ஐந்நூறு ரூபாய்த் தாளும் ஆயிரம் ரூபாய்த் தாளும் செல்லாவென அறிவிக்கப்பெற்றன. அதன்பின் சில்லறைக்குத் தவித்த கடைக்காரரிற் பலர் இம்முறையை நாடினர். இதன் இயல்பு எளிது. கடையில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். அட்டை பணப்பெட்டி அன்று. அது வெறும் முகவரியே. வாங்குபவர் தம் கைப்பேசியால் அம்முகவரியைப் படித்து, தொகையைக் குறித்து, தமக்கு மட்டுமே தெரிந்த பின் எண்ணை இட்டவுடன், அவர் வங்கியிலிருந்து கடைக்காரர் வங்கிக்குச் சில நொடிகளில் பணம் பெயர்கின்றது. ஆபிரிக்காவில் கென்யா நாட்டார் 2007 ஆம் ஆண்டிலேயே எம்-பெசா என்னும் முறையாற் கைப்பேசியிற் பணம் அனுப்பத் தொடங்கினர். இங்கிலாந்திற் சிறு கடைக்காரர் அட்டை வழியாகப் பெறும் ஒவ்வொரு பவுனிலும் ஒரு பகுதியை இடையிலுள்ளார்க்கு இறுக்கின்றனர். நம் நாட்டிலோ, வாங்குபவரின் வங்கிக் கணக்கிலிருந்து நேரே யு.பி.ஐ. வழியாக வரும் பணத்துக்குக் கடைக்காரரிடம் தரகு கொள்ளலாகாது என்பது 2020 சனவரி முதல் அரசு வகுத்த விதி. சிறு வணிகர்க்கு இது பெரும்பேறு.

இனி எம் பிழையைச் சொல்லுகின்றோம்.

எம் தமையனார் காலமான பின், எம் மதினியார் வீட்டின் பின்கட்டிற் கடலைமிட்டாய் செய்து விற்று மக்களை ஆளாக்கினார். கடலையை வறுத்துத் தோல் போக்கி, வெல்லப்பாகைப் பதமறிந்து இறக்கி, இரண்டையும் கலந்து பலகையிற் பரப்பி, உருளையால் தேய்த்துச் சூடு ஆறுமுன் துண்டு துண்டாக அறுக்கும் அவர் கைத்திறத்தை எம் தெருவார் அறிவர். கோவிற்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020 ஆம் ஆண்டு ஏப்ரல் 30 ஆம் நாள் புவிசார் குறியீடு கிடைத்தபோது, தமக்கே பட்டம் கிடைத்ததுபோல் மகிழ்ந்தார். பேருந்து நிலையத்துக்கருகே அவர்க்கு ஒரு சிறு கடை உண்டு. வெளியூரார், "ஸ்கேன் பண்ண அட்டை இல்லையா?" என்று கேட்டு, இல்லையென்றதும் வெறுங்கையோடு திரும்புவது பெருகவே, அவர் எம்மிடம் வந்தார்.

மதினியாரிடம் இருந்தது பொத்தான் கைப்பேசி. அவரை வங்கிக்கு அழைத்துச் செல்ல எமக்கு ஒருநாள் விடுப்பு வேண்டும். விடுப்பெடுக்கச் சோம்பி, "கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் தம்பி கணக்கிலேயே சேர்த்துவிடுவோம், மதினி, யார் பெயரில் வந்தால் என்ன?" என்று சொல்லி, அவர் மகனார் கணக்குக்கு அட்டை அமைத்துக் கொடுத்தவர் யாமே. கற்றவன் சொல்லென்று அவர் நம்பினார்.

ஈராண்டு இனிது கழிந்தது. சென்ற ஆண்டு தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில் மகனார் கணக்கு முடங்கிற்று. கடைக்கு வந்து 640 ரூபாய்க்குச் சரக்கு வாங்கிச் சென்ற யாரோ ஒருவர் கொடுத்த பணம், வேறு மாநிலத்தில் ஒருவரை ஏமாற்றிப் பறித்த பணத்தின் ஒரு கிளையாம். அம்மாநிலத்துக் காவலர் எழுதிக் கேட்டமையின் வங்கி கணக்கை நிறுத்திவைத்தது. 640 ரூபாய்க்காக, வெல்ல மண்டிக்குக் கொடுக்க வேண்டிய பணமும், மகனார் சம்பளமும், வீட்டு வாடகையும் ஒருங்கே சிறைப்பட்டன. மதினியார் வங்கிக்கு ஓடினார். "அம்மா, இந்தக் கணக்கு உங்கள் பெயரில் இல்லையே, உங்களுக்கு எப்படிப் பதில் சொல்வது?" என்றனர். அவர்கள் சொன்னது முறையே. பாகு காய்ச்சியவர் அவர். கை சுட்டவர் அவர். ஆனால் அப்பணத்தைத் தமது என்று சொல்ல அவர்க்கு ஒரு வரி எழுத்தும் இல்லை.

தீபாவளிச் சரக்குக்கு வெல்லம் வாங்க அவர் கைவளையை அடகு வைத்தார். எம்மை ஒரு சொல்லும் கடிந்திலர். அதுவே எமக்குப் பெருந்தண்டனையாயிற்று. மகனார் அலைந்து, முறையீட்டு எண்ணை வங்கியிடம் பெற்று, கடைச் சரக்கு விற்ற பணமே அஃது என்று அக்காவல் நிலையத்துக்கு எழுதி, வழக்குக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி ஏனையதை விடுமாறு கேட்டுப் பெறுவதற்குள் ஏறத்தாழ இரண்டு மாதம் சென்றன.

அன்பர்களே! "யார் பெயரில் வந்தால் என்ன?" என்னும் எம் சொல்லே இத்துன்பத்துக்கு வித்து. ஈண்டு யாம் சொல்லப் புகுந்ததும் இவ்வொன்றே: உழைப்பவர் பெயரிலேயே கணக்கு இருத்தல் வேண்டும், அக்கணக்கும் வணிகத்துக்கென்றே தனித்து இருத்தல் வேண்டும்.

இது புதிய நீதியன்று. நம் முன்னோர் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்தனர். முறைகாரர் மாறி மாறி வந்தனர். ஆனால் மகமைப் பணம் அவர் வீட்டுப் பணத்தோடு கலந்ததில்லை. உறவின்முறை கூடியபோது கணக்குச் சொல்லுதல் வேண்டும். அங்ஙனம் தனித்துக் காத்த பணத்தினாலன்றோ 1889 ஆம் ஆண்டில் விருதுநகரிற் சத்திரிய வித்தியாசாலை எழுந்தது! 1921 ஆம் ஆண்டிற் தூத்துக்குடியில் நாடார் பாங்க் என்னும் பெயரோடு தோன்றி, 1962 ஆம் ஆண்டிற் தமிழ்நாடு மெர்க்கன்டைல் பாங்க் எனப் பெயர் மாறிய வங்கியும், கணக்கின் அருமை அறிந்த வணிகரால் உருவானதே. பொதுப்பணத்தில் நாம் காத்த அவ்வொழுங்கை, நம் சொந்தக் கடையில் மட்டும் நெகிழவிடுவது தகுமோ?

மற்றொரு சான்றும் உண்டு. 2025 சூலை மாதத்திற் கருநாடகத்து வணிகவரித் துறையார், யு.பி.ஐ. வழியாக வந்த தொகையைக் கூட்டிப் பார்த்துச் சிறு கடைக்காரர் பலர்க்கு அறிவிப்பு அனுப்பினர். பெங்களூரில் தேநீர்க் கடையாரும் காய்கறிக் கடையாரும் அஞ்சி, கியூ.ஆர். அட்டையைக் கிழித்து, "ரொக்கம் மட்டும்" என்று பலகை தொங்கவிட்டனர். சரக்கு விற்போர்க்கு ஆண்டு விற்பனை 40 இலட்சத்தைக் கடந்தாற் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும் என்பது பொது விதி. மைத்துனர் அனுப்பிய கடன், சீட்டுப் பணம், மகள் திருமணத்து மொய் ஆகிய எல்லாம் கடைக் கணக்கிலேயே வந்து விழுமாயின், விற்பனை எது, ஏனையது எது என்று யார் பிரித்துக் காட்டுவர்? அட்டையைக் கிழித்தல் மருந்தன்று. கணக்கைப் பிரித்தலே மருந்து.

நாள்தோறும் கைக்கொள்ள வேண்டியன சில உள.

முதலாவது: வங்கிக்கு நேரிற் சென்று, கடை நடத்துபவர் பெயரிற் தனிக் கணக்குத் தொடங்கி, அதற்கே அட்டை பெறுக. சவுண்டு பாக்ஸ் என்று வழங்கும் ஒலிப்பெட்டிக்கு மாத வாடகை உண்டா, எவ்வளவு என்று முன்னரே கேட்டறிக.

இரண்டாவது: காலையிற் கடை திறந்தவுடன் வீட்டார் ஒருவர் கைப்பேசியால் அட்டையைப் படித்து, ஒரு ரூபாய் அனுப்பி, திரையில் நும் பெயரே தோன்றுகின்றதா என்று காண்க. நும் அட்டைமேற் தம் அட்டையை ஒட்டிச் செல்லும் கயவர் உளர்.

மூன்றாவது: வாங்குபவர் காட்டும் திரைப்படத்தை நம்பற்க. அது போலியாகவும் இருக்கக்கூடும். நும் பெட்டி ஒலித்ததா, நும் வங்கிச் செய்தி வந்ததா என்பதே சான்று.

நான்காவது: பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் வேண்டா. "பணம் அனுப்புகின்றேன், பின் எண்ணை இடுங்கள்" என்பவன் திருடன் என்க. ஏமாந்தாற் காலந் தாழ்த்தாது 1930 என்னும் எண்ணுக்குப் பேசுக.

ஐந்தாவது: வாங்குபவர் கணக்கிற் பணம் கழிந்து, கடைக்கு வந்தது உறுதிப்படாதாயின் அவரோடு பூசலிட வேண்டா. ஐந்து நாளுக்குள் அது தானே அவர்க்குத் திரும்புதல் வேண்டும் என்றும், தாழ்ந்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தரல் வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதித்திருக்கின்றது.

ஆறாவது: மாலையிற் பேரேட்டில் ரொக்கம் இவ்வளவு, யு.பி.ஐ. இவ்வளவு என்று இரண்டு பத்தியாக எழுதுக. நும் கணக்கு என்றேனும் முடங்குமாயின், அவ்வேடே நும் பக்கம் நின்று பேசும்.

இளைஞர் சிலர், இணையத்திற் கடை அமைத்துச் சென்னைக்கும் பெங்களூருக்கும் கடலைமிட்டாய் அனுப்ப விரும்புவதாகக் கூறினர். நல்ல முயற்சியே. அங்கே யு.பி.ஐ.யோடு அட்டைகளின் வழியாகவும் பணம் வரும். அதனைத் திரட்டித் தருவதற்கு இடைநிறுவனம் ஒன்று வேண்டும். அதற்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி உண்டா என்று முதலிற் காண்க. பான் அட்டை, வங்கிக் கணக்கு, முகவரிச் சான்று ஆகியவற்றோடு, சரக்குப் பழுதானாற் பணத்தை எங்ஙனம் திருப்புவீர் என்னும் விதியையும் அவர்கள் கேட்பர். தரகு நூற்றுக்கு 2 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 200 ரூபாய்ச் சரக்குக்கு 4 ரூபாய் தரகு. ஆகவே கைக்கு வருவது 196 ரூபாயே. அதுவும் அன்றே வாராது, சில நாள் கழித்தே வரும். வெல்ல மண்டிக்குத் தவணை சொல்லுமுன் இதனை எண்ணுக. இச்செலவை முதலிலேயே விலையிற் சேர்த்துச் சொல்லுக. பின்னர்க் கூட்டுதல் வேண்டா. விலையை வெளிப்படச் சொல்லி விற்றவரென்றே காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை புகழ்கின்றது. வேற்று மாநிலத்துக்குச் சரக்கு விற்போர், விற்பனை சிறிதாயினும் ஜி.எஸ்.டி. பதிவு பெறுதல் பொதுவிதி என்பதையும், உணவுப் பண்டத்துக்குரிய பதிவும் வேண்டும் என்பதையும் மறவற்க.

அன்பர்களே! நம் வீடுகளிற் பெண்டிர் உழைப்பாற் நடக்கும் கடைகள் பல. அவற்றின் அட்டை கணவர் பெயரிலோ, மகன் பெயரிலோ, மருமகன் பெயரிலோ இருப்பதே பெரும்பான்மை. அன்பு உள்ளவரை குறை தோன்றாது. பிணக்கோ, பிணியோ, வழக்கோ வந்த நாளில் உழைத்தவர் வெளியே நிற்பர். இன்று வீடு சென்றதும் நும் கடை அட்டையைப் படித்துப் பாருங்கள். யார் பெயர் தோன்றுகின்றது? அதனை அறிந்தாற் செய்ய வேண்டியது தானே விளங்கும்.

எம் மதினியார் தைப் பொங்கலுக்குப் பின் வங்கிக்குச் சென்று தம் பெயரிற் கணக்குத் தொடங்கினார். இம்முறை யாம் விடுப்பெடுத்து உடன் சென்றோம். இரவிற் கடையடைத்த பின் நீள்நோட்டில் இரண்டு பத்தியாக எழுதுகின்றார். முதல்நாள் ஒலிப்பெட்டி பேசியபோது, "கொழுந்தனாரே, இப்போது என் பெயரில் வந்திருக்கிறதுதானே?" என்று கேட்டார். "ஆம், மதினி" என்றோம். அடகு வைத்த வளையை மீட்டது அக்கணக்கிற் சேர்ந்த பணத்தாலேயே.