பழுதைத் தேடும் வழி



பழுதுபட்ட பொருள் ஒன்றைக் கண்டவுடன் அதற்குக் காரணம் சொல்லிவிட வேண்டும் என்னும் ஆவல் மனிதர் யாவர்க்கும் உண்டு. 34 ஆண்டுகள் ஆசிரியப் பணியில் இருந்து, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன் நான். விடை கூறியே பழகிய நாவுக்கு அவ்வாவல் சற்று மிகுதியாகவே இருக்கும். அதனால் என் இல்லத்தில் நேர்ந்த ஒரு பிழையையும், அது திருந்திய விதத்தையும் இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

எங்கள் வீட்டில் 6 ஆண்டுகளாக உழைத்து வரும் குளிர்சாதனப் பெட்டி ஒன்று உண்டு. உள்ளே நிலவும் குளிரின் அளவைக் காட்டும் எண்பலகை ஒன்று அதன் கதவின் வெளிப்புறத்தில் இருக்கிறது. கடைக்காரர்கள் அதனை ‘டிஸ்பிளே’ என்பர். ஒருநாள் காலை அப்பலகையில் ஒளி இல்லை. பாலும் காய்கறியும் மாத்திரம் உள்ளே இருந்திருந்தால் நான் அத்துணைக் கவலை கொண்டிருக்க மாட்டேன். என் மனைவி நாள்தோறும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர். திறவாத இன்சுலின் குப்பிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் வைத்தல் வேண்டும். உறைந்துபோனாலும் அம்மருந்து பயன்படாது. ஒரு மாதத்திற்கு வேண்டிய குப்பிகள் உள்ளே இருந்தன. நிலைமையைச் சொல்ல வேண்டிய பலகையோ வாய்மூடிக் கிடந்தது.

முந்திய இரவில் மின்சாரம் இருமுறை போய் வந்திருந்தது. “மின்னழுத்தம் ஏறிப் பலகை எரிந்துவிட்டது” என்று உடனே தீர்ப்பு வழங்கினேன். அப்பொழுது 12 வயதுப் பேத்தி, பெட்டியின் கதவைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றுகொண்டிருந்தாள். “குளிரெல்லாம் வெளியே போய்விடும், கதவை விடு” என்று கடிந்துகொண்டேன். “இல்லை தாத்தா...” என்று அவள் ஏதோ தொடங்கினாள். நான் செவி கொடுக்கவில்லை. மாலையில் வந்த பழுது பார்ப்பவரிடமும் என் தீர்ப்பையே கூறினேன். அவரும், “ஆமாம் ஐயா, பலகைதான் போயிருக்கும். புதிது வாங்கிப் பொருத்தச் சில ஆயிரம் ரூபாய் ஆகும், இரண்டு நாளில் வருகிறேன்” என்றார். நான் சொன்னதையே திருப்பிச் சொன்னமையால் அவரை மிகுந்த திறமைசாலி என்று எண்ணி மகிழ்ந்தேன்.

என் மனைவி மட்டும் மகிழவில்லை. “பலகை இருக்கட்டும், உள்ளே குளிர் இருக்கிறதா, அதைச் சொல்லுங்கள்” என்றார். அதுவே முதலில் கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி. குப்பிகளை அண்டை வீட்டுப் பெட்டிக்கு மாற்றினோம். பிறகு ஒரு குவளை நீரில் வெப்பமானியை இட்டு எங்கள் பெட்டியின் நடுத்தட்டில் வைத்தோம். கதவைத் திறந்தவுடன் உள்ளிருக்கும் காற்றின் வெப்பநிலை மாறிவிடும். நீரின் வெப்பநிலை மெதுவாகவே மாறும். ஆதலால் நீரில் இட்ட வெப்பமானியை நம்பலாம். சில மணி நேரம் சென்றபின் அது 5 டிகிரி காட்டியது. கம்ப்ரஸரும் வழக்கம்போல் ஓடி ஓடி நின்றது. எனவே குளிரூட்டும் வேலையில் குறை ஏதும் இல்லை என்பது தெளிவாயிற்று. பெட்டியின் பின்புறத்திலுள்ள முதன்மை மின்பலகையே குளிரை ஆள்கிறது. கதவிலுள்ள எண்பலகை அதன் செய்தியை நமக்கு எடுத்துரைக்கும் தூதன். அரசன் நலமாயிருக்க, தூதன் மட்டும் பேசவில்லை.

அன்றிரவு தண்ணீர் எடுக்கக் கதவைத் திறந்தேன். எண்பலகை பளிச்சென்று எரிந்தது! மூடினேன், அணைந்தது. பேத்தியின் “இல்லை தாத்தா” என் செவியில் மீண்டும் ஒலித்தது. விடிந்ததும் அவளை அழைத்துக் கேட்டேன். “கதவைப் பாதி திறந்தால் எண் தெரிகிறது, மூடினால் மறைகிறது. நேற்றே அதைத்தான் சொல்ல வந்தேன்” என்றாள்.

எரிந்துபோன பலகை, கதவு அசைவதனால் உயிர்பெற்று எழுமா? எழாது. என் தீர்ப்பு அங்கேயே வீழ்ந்தது. இனி இரண்டு காரணங்களே எஞ்சி நின்றன. ஒன்று, கதவைத் திறந்ததும் உள்விளக்கை எரியச் செய்யும் சிறு சுவிட்சு. மற்றொன்று, பெட்டியிலிருந்து கதவின் கீல் வழியாக எண்பலகைக்குச் செல்லும் மின்கம்பி. இவ்விரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய சோதனை செய்தோம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே அந்தச் சுவிட்சைப் பேத்தி விரலால் அழுத்தினாள். உள்விளக்கு அணைந்தது, எண்பலகை அணையவில்லை. ஆகவே சுவிட்சு குற்றமற்றது. பிறகு கதவை மெல்ல மெல்ல மூடினோம். ஒரு குறிப்பிட்ட கோணத்தை எட்டியதும் எண்கள் நடுங்கி மறைந்தன. குறை கீலில் இருக்கிறது என்று அறிந்தோம்.

மறுநாள் பழுது பார்ப்பவர் வந்தபோது இவற்றை விவரித்தோம். அவர் பிளக்கைப் பிடுங்கி, கீலின் மேல்மூடியையும் கதவின் மேல்மூடியையும் கழற்றினார். நான்கு கம்பிகள் கீலினூடே சென்றன. மல்டிமீட்டரின் முனைகளை ஒவ்வொரு கம்பியின் இருபுறமும் வைத்துக் கதவை அசைத்தார். மூன்று கம்பிகளுக்கு ஓசை இடையறாது கேட்டது. நான்காவது கம்பிக்குக் கதவு மூடும்போது ஓசை நின்றது. அவர் கூறிய நுட்பம் ஒன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பல இழைகள் கொண்ட கம்பியில் ஓர் இழை எஞ்சியிருந்தாலும் மீட்டர் ஒலிக்கும். ஏனெனில் அது செலுத்தும் மின்னோட்டம் மிகச் சிறிது. கருவி வேலை செய்யும்பொழுதோ அவ்வோர் இழை போதாமல் மின்னழுத்தம் குறைந்துவிடலாம். ஆதலால் ஓசையை மட்டும் நம்பாமல், கருவி இயங்கும் நிலையில் மின்னழுத்தத்தையும் அளந்து பார்த்தல் வேண்டும்.

கம்பியின் மேலுறை சிறிதும் கிழியவில்லை. உள்ளே செம்பு மட்டும் அறுந்திருந்தது. இதற்குக் காரணம் உலோகச் சோர்வு. ஜெம் கிளிப் ஒன்றை ஒருமுறை வளைத்தால் ஒடியாது. முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் ஒடியும். நாளைக்கு 30 முறை கதவைத் திறந்தால் ஓராண்டில் 10,950 முறை. 6 ஆண்டுகளில் 65,000 முறைக்கு மேல் அக்கம்பி வளைந்து நிமிர்ந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜெர்மானிய ரயில்வே பொறியாளர் ஆகஸ்ட் வோலர், ரயில் வண்டி அச்சுகள் முறிவதை ஆராய்ந்தார். ஒருமுறை தாங்கக்கூடிய சுமையையே பல்லாயிரம் முறை ஏற்றி இறக்கினால் உலோகம் முறிந்துவிடும் என்று அவர் காட்டினார். 1954ஆம் ஆண்டில் இரண்டு காமெட் ஜெட் விமானங்கள் வானில் சிதறின. அவ்வகை விமானம் ஒன்றின் உடலை நீர்த்தொட்டியில் வைத்து, மீண்டும் மீண்டும் அழுத்தம் கொடுத்துச் சோதித்தபோது அங்கும் உலோகச் சோர்வே வெளிப்பட்டது. விமானத்தை வீழ்த்தும் விதியே நம் அடுக்களைக் கதவிலும் ஆட்சி புரிகிறது.

வளையும் பகுதி முழுவதற்கும் மெல்லிய இழைகள் கொண்ட புதிய கம்பியை இட்டு, இணைப்புகள் கீலுக்கு இருபுறமும் விலகி அமையும்படி ஈயப்பற்று வைத்து, உறை மாட்டினார் அந்த இளைஞர். எண்பலகை ஒளிர்ந்தது. புதிய பலகைக்கான செலவில் மிகச் சிறு பகுதியே கூலியாயிற்று.

ஓர் எச்சரிக்கை. நாங்கள் செய்தவை வெளியிலிருந்து பார்த்தறியும் சோதனைகளே. மூடிகளை நீங்கள் கழற்ற வேண்டா. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் சில மின்பலகைகளின் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். இக்காலப் பெட்டிகள் பலவற்றில் உள்ள ஐசோபியூட்டேன் வாயு எளிதில் தீப்பற்றும். கருவியைத் தொடும் வேலையைப் பயின்றவரிடம் விடுங்கள். கவனித்து எழுதி வைக்கும் வேலையை நீங்கள் செய்யுங்கள். எந்த நேரத்தில், எந்த நிலையில் குறை தோன்றுகிறது, எப்பொழுது மறைகிறது என்னும் குறிப்பே பழுது பார்ப்பவருக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுக்கும்.

குப்பிகள் மீண்டும் எங்கள் பெட்டிக்கு வந்த மாலையில், “நீ சொன்னதைக் கேளாதது என் தவறு” என்று பேத்தியிடம் கூறினேன். அவள் சிரித்துக்கொண்டே விளையாடப் போய்விட்டாள். எனக்கோ வகுப்பறைகள் நினைவுக்கு வந்தன. “இல்லை ஐயா...” என்று எழுந்த எத்தனை பிள்ளைகளை நான் “உட்கார்” என்று அமர்த்தியிருப்பேன்! அவர்கள் கண்டது என்ன என்பதை இனி நான் அறிய வழியில்லை. உங்களுக்கு வழி இருக்கிறது. உங்களினும் இளையவர் “இல்லை” என்று தொடங்கினால், அவ்வாக்கியம் முடியும்வரை பொறுத்திருந்து கேளுங்கள்.