வாசியில்லாத காசு



தைத் திங்கள் ஐந்தாம் நாளில் அண்ணாமலைப் பெருமான் இம்மணலூர்பேட்டைக்கு எழுந்தருளித் தென்பெண்ணையில் தீர்த்தவாரி கண்டருளுகின்றார். அவரைத் தொழுவதற்குக் கூடுவோர்க்கு அன்னம் பாலித்து மகிழ்கின்றோம். அன்னதானம் என்றவுடன் திருவீழிமிழலைப் படிக்காசு நம் நினைவுக்கு வருகின்றது.

ஞானசம்பந்தப் பெருமானும் அப்பரடிகளும் அத்தலத்தில் இருந்தபோது நாட்டைப் பஞ்சம் வாட்டிற்று. அடியார் பசி தீர்க்க இறைவன் நாள்தோறும் கிழக்குப் பீடத்தில் பிள்ளையாருக்கும் மேற்குப் பீடத்தில் அரசுக்கும் ஒவ்வொரு காசு வைத்தருளினான். அப்பர் திருமடத்தில் அமுது வேளைக்கு ஆயிற்று. பிள்ளையார் திருமடத்தில் பொழுது ஏறிய பின்னரே ஆயிற்று. காரணம் என்னவென்று பிள்ளையார் வினவினார். அக்காசுக்கு வணிகர் வாசி, அதாவது வட்டம், கேட்கின்றனர் என்றும், அது தீர்த்துப் பண்டம் வாங்கி வரவே காலம் செல்கின்றது என்றும் அமுதாக்குவோர் விண்ணப்பித்தனர். அப்பர் பெற்ற காசோ கைத்தொண்டு செய்தவர் பெற்றது; ஆதலால் அதற்கு வாசியில்லை. இதனைப் பிள்ளையாருக்கு ஒரு குறையென்று கொள்ளுதல் ஆகாது. அவர் பாடி, வாசி தீர்ந்த காசே பெற்றார்.

இவ்வரலாற்றில் நாம் கருதத்தக்கது அந்தத் தாமதம். பசித்தவனுக்கு நாழிகையும் அன்னத்தோடொத்த பொருள். அந்த நாழிகையை அறிந்தவர் யார்? பக்கத்துக் குடிசையில் அடுப்புப் புகையாததைக் கண்டவர் அல்லரோ?

சென்னையில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லுவோம். 1780ஆம் ஆண்டில் ஹைதர் அலியின் படை கருநாடகத்துட் புகுந்தது. வயல்கள் பாழாயின, பஞ்சம் பற்றிற்று. ஊரிழந்த ஏழை மக்கள் பட்டணத்தை நோக்கி வந்தனர். 1782ஆம் ஆண்டளவில் கோட்டைக்கு வடக்கே இராயபுரத்தருகில் அவர்களுக்குக் கஞ்சி வார்க்கும் இடம் ஒன்று எழுந்தது. தொடங்கியவர் கிராம மணியக்காரர் ஒருவர் என்பர். அதனால் மணியக்காரர் சத்திரம் என்று பெயர் வந்தது. மக்களோ கஞ்சித்தொட்டி என்றே அழைத்தனர். பசித்து வந்தவர் நோயோடும் வந்தனர். ஆகவே கஞ்சியோடு மருந்தும் கொடுக்க வேண்டியதாயிற்று. இன்றைய ஸ்டான்லி அரசு மருத்துவமனை அந்த மரபில் வளர்ந்ததே. அதனை வடசென்னை முதியோர் நெடுங்காலம் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே வழங்கினர். கல்வெட்டுப் பெயரைக் காட்டிலும் கஞ்சியின் பெயர் நீடித்தது, பாருங்கள்!

வடலூரில் இராமலிங்க அடிகளார் 1867ஆம் ஆண்டு வைகாசித் திங்களில் தருமசாலை நிறுவியபோது, அதற்கு வேண்டிய 80 காணி நிலத்தைத் தந்தவர் பார்வதிபுரத்து மக்கள். அரசர் ஒருவரும் தரவில்லை. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை.

நகரத்துக் குடிசைப் பகுதிகளில் இத்தகைய சிறு தருமங்கள் பல இன்றும் நடைபெறுகின்றன. கூலிவேலை முடித்து வந்த பெண்கள் ஒரு தெருவுக்குக் கஞ்சி காய்ச்சுவார்கள். ஓர் இளைஞர் குழு மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும். இவர்களுக்குப் பெயர்ப்பலகை இராது; கணக்கு ஒரு பள்ளிக்கூட நோட்டில் இருக்கும். அந்த நோட்டை வாங்கிப் பார்த்து, குறைவதை நிரப்புவதே நாம் செய்யத்தக்க உதவி. நம்மில் சிலரோ கொடுக்கும்போதே வாசி வைத்துக் கொடுக்கின்றோம். நம் பெயர் எழுத வேண்டும், நாம் குறித்த நாளில்தான் சமைக்க வேண்டும், படம் எடுக்கும் வரையில் இலையில் கை வைக்கலாகாது! ஆடி அமாவாசைக்கு அண்டா நிறையச் சோறு வருகின்றது. மறுநாள் அரிசிக்கு யாரும் வருவதில்லை. அத்தெரு மக்கள் கேட்பது மாதந்தோறும் ஒரு மூட்டை அரிசியும், பருப்பும், விறகுக்கோ எரிவாயுவுக்கோ உரிய தொகையுமே.

பட்டணத்துத் தெருவுக்கு நாம் ஏன் கொடுக்க வேண்டும் என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். 2024ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் சாத்தனூர் அணையிலிருந்து 1,50,000 கன அடிக்கும் மேற்பட்ட நீர் வெளிப்பட, இதே பெண்ணை கரை கடந்தது. ஆற்றோரத்து ஊர்களில் அரிசி வைத்திருந்தவரும் அன்று அடுப்பு மூட்ட இயலாது நின்றனர். வெளியிலிருந்து வந்த சோற்றுப் பொட்டலத்தை எந்த ஊர்ச் சோறு என்று அவர்களுள் யாரும் கேட்கவில்லை.

நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் பலர் சென்னையில் பிழைக்கின்றனர். இவ்விழாவுக்கு வந்திருப்போரும் உள்ளனர். அவர்கள் திரும்பிச் சென்றதும், தாம் குடியிருக்கும் பகுதியில் அத்தகைய கஞ்சி அடுப்பு எங்கு எரிகின்றது என்று விசாரித்து எழுதுவார்களாக. அரிசி நாம் சேர்ப்போம். ஞாயிற்றுக்கிழமைகளில் பாத்திரம் தேய்க்க அவர்கள் செல்லட்டும்.