முதுமையில் வாடகை வீடு



தோட்டத்தில் வாழ்ந்த நம் மக்களுக்கு வாடகை என்பது நெடுங்காலம் பழக்கமில்லாத சொல்லாகவே இருந்து வந்தது. லயத்தில் பிறந்தோம், லயத்திலேயே மணமுடித்தோம், பிள்ளைகளையும் அங்கேயே வளர்த்து ஆளாக்கினோம். விடியற்காலைப் பெரட்டில் பெயர் இருக்கும் வரையில் வீடும் இருந்தது. ஆகவேதான், வேலை முடிந்து வீட்டுச் சாவியைக் கிராணியிடம் ஒப்படைக்கும் நாளில், தலை நரைத்த பெரியவர் ஒருவர் வாழ்க்கையிலேயே முதன்முறையாக வெளியே போய், "ஐயா, வாடகை எவ்வளவு?" என்று கேட்க வேண்டியவராகிறார்.

இது ஏன் இப்படி நேர்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. தோட்ட வீடுகள் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் சட்டம் ஒன்று உண்டு. 1990-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட 446-ஆவது சட்டம் அது. 2019-இல் அது திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் தோட்டம், சுரங்கம் தவிர மற்றத் தொழில்களுக்கும் விரிவாக்கப்பட்டது. ஆனால் அந்தச் சட்டம் வேலையில் இருப்பவருக்கு முதலாளி கொடுக்கும் வீட்டைப் பற்றியது. ஓய்வு பெற்றவருக்கு ஆயுள் முழுதும் வீடு கொடு என்று அது சொல்லவில்லை. 2013 ஜூலை முதல் தேதியிலிருந்து குறைந்தபட்ச ஓய்வு வயது 60 ஆக்கப்பட்டதால், முன்பு 55 வயதில் வந்த கவலை ஐந்தாண்டு தள்ளிப் போயிற்று. அவ்வளவுதான். மகனோ மகளோ அதே தோட்டத்தில் வேலை செய்தால் பெற்றோரும் அவர்களோடு ஒண்டிக்கொள்ளலாம். நம் ஜொகூரிலோ பிள்ளைகள் பாசிர் கூடாங், ஸ்கூடாய், சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். தோட்டங்களும் பழைய தோட்டங்களாக இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. 2006-இல் இஸ்கண்டார் வட்டாரத் திட்டம் தொடங்கிய பிறகு, கூலாய்க்கும் ஜொகூர் பாருவுக்கும் இடையில் பால்மரமும் பனையும் நின்ற நிலங்கள் பலவற்றில் இன்று தாமான்கள் நிற்கின்றன.

சேமநிதிப் பணம் எங்கே என்று கேட்பீர்கள். ஊழியர் சேமநிதி 1951-ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. ஆனால் சம்பளம் சிறியதாக இருந்தபோது சேமிப்பும் சிறியதாகத்தான் இருக்கும். வந்த பணமும் மகள் திருமணத்துக்கும், மகன் வாங்கிய வீட்டின் முன்பணத்துக்கும் போய்விடுகிறது. அதைக் குற்றமாக நாம் சொல்லவில்லை. எந்தத் தாய் தகப்பன்தான் அதைச் செய்யாமல் இருப்பார்? ஆனால் அந்த வீட்டில் தமக்கும் ஓர் அறை இருக்குமா என்று கேட்டுக்கொண்டு பணத்தை எடுத்தவர்கள் குறைவு.

வெளியே வீடு பார்க்கும்போது மாத வாடகை மட்டும் போதாது. நம் நாட்டு வழக்கப்படி இரண்டு மாத வாடகை வைப்புத்தொகை, தண்ணீர் மின்சாரத்துக்காக அரை மாத வாடகை, அதோடு முதல் மாத வாடகை என்று கேட்பார்கள். 500 வெள்ளி வாடகை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், சாவி கைக்கு வருவதற்கு முன்பே 1,750 வெள்ளி எண்ணி வைக்க வேண்டும். இதில்தான் பெரியவர்கள் திகைத்து நின்றுவிடுகிறார்கள்.

இனி, அரசாங்கம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். சில நாடுகளில் முதியோருக்கு வாடகைக்கென்றே தனி உதவி உண்டு. அமெரிக்காவில் 1959-ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தின்கீழ் கட்டப்படும் முதியோர் வீடுகளில், குடியிருப்பவர் தம் வருமானத்தில் நூற்றுக்கு 30 பங்கை வாடகையாகக் கொடுத்தால் போதும். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில், மிகக் குறைந்த வருமானம் உள்ளவருக்கு ஓரறை வீடு அந்நாட்டு நாணயத்தில் மாதம் 26 வெள்ளியிலிருந்து கிடைக்கிறது. தனியாள் என்றால் இன்னொரு தனியாளோடு சேர்ந்து அந்த வீட்டில் இருக்க வேண்டியிருக்கும். நம் நாட்டில் முறை வேறு. உதவிப் பணம் ஓர் இலாகாவிலிருந்து வருகிறது; மலிவு வாடகை வீடு இன்னோர் இடத்திலிருந்து வருகிறது. இரண்டையும் இணைத்துக்கொள்வது நம் பொறுப்பாக இருக்கிறது. அது தெரியாமல் ஒன்றை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பி வருபவர்களே அதிகம்.

முதலாவது, சமூகநல இலாகா வழங்கும் முதியோர் உதவித்தொகை. மாதம் 500 வெள்ளியாக இருந்த இத்தொகை 2025-ஆம் ஆண்டில் 600 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. 60 வயது நிறைந்த மலேசியக் குடிமகனாக இருக்க வேண்டும்; வருமானம் இல்லாதவராகவோ போதாதவராகவோ இருக்க வேண்டும்; பராமரிக்கக் குடும்பம் இல்லாதிருக்க வேண்டும், அல்லது இருக்கும் குடும்பம் பராமரிக்க முடியாத நிலையில் இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை நன்றாகக் கவனியுங்கள். பிள்ளை இருந்தால் உதவி கிடையாது என்று லயத்தில் ஒருவர் சொல்ல, பத்துப் பேர் அதை நம்பி மனுவே போடாமல் இருந்துவிடுகிறார்கள். பிள்ளை இருக்கிறான் என்பது ஒன்று. பிள்ளையால் முடிகிறது என்பது வேறொன்று. முடிகிறதா இல்லையா என்பதை அதிகாரி வீட்டுக்கு வந்து பார்த்து முடிவு செய்வார். அதை நாமே முன்கூட்டி முடிவு செய்ய வேண்டியதில்லை.

மனுவை மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கொடுக்கலாம். கணினி வழியாகவும் அனுப்பலாம். அடையாளக் கார்டு, வங்கிக் கணக்குப் புத்தகம், துணைவர் இறந்திருந்தால் இறப்புப் பத்திரம், வீட்டில் சம்பாதிப்பவர்களின் சம்பளச் சீட்டு ஆகியவற்றின் நகல்களைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய நாங்கள் பள்ளி முடிந்த பிறகு மாணவர்களின் தாத்தா பாட்டிகளுக்கு இந்தப் பாரங்களை நிரப்பிக் கொடுப்பது வழக்கம். பாரத்தில் நாங்கள் அதிக நேரம் செலவிடுவது பெயரில்தான். பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாளக் கார்டில் ஓர் எழுத்து மாறிய பெயர், வங்கிப் புத்தகத்தில் தகப்பன் பெயர் இல்லாத பெயர். அன்று பதிந்த கிராணிக்குக் காதில் எப்படி விழுந்ததோ அப்படியே எழுதிவிட்டுப் போயிருக்கிறார்! வேற்றுமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அடையாளக் கார்டின் நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீல நிறம் குடிமக்களுக்கு. சிவப்பு நிறம் நிரந்தரவாசிகளுக்கு. முதியோர் உதவித்தொகை குடிமக்களுக்கு மட்டுமே உரியது. 1957 ஆகஸ்டு 31-க்கு முன் இங்கே பிறந்த பலர் தாமாக மனுச் செய்து குடியுரிமை பெற வேண்டியிருந்தது. தோட்டத்தில் மருத்துவச்சி பார்த்த பிரசவத்துக்குப் பத்திரம் எங்கே? 1969-இல் குடிமக்கள் அல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் முறை வந்தபோது, ஆயிரக்கணக்கானோர் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போனார்கள். போகாமல் இருந்தவர்களில் சிலர் சிவப்புக் கார்டோடு உழைத்து, சிவப்புக் கார்டோடு மூப்படைந்தார்கள். பதிவில்லாத இந்தியர்களைப் பதிவதற்காக 2011 பிப்ரவரியில் 'மைடஃப்தார்' இயக்கம் நடந்தது. 60 வயதைக் கடந்த சிவப்புக் கார்டு இந்தியர்களுக்குக் குடியுரிமை வழங்குவதாக 2018-இல் அரசாங்கம் அறிவித்தது. இன்னும் உங்கள் வீட்டில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால், உதவித்தொகை மனுவுக்கு முன்னால் தேசியப் பதிவு இலாகாவின் படியை ஏறுங்கள். ஐம்பது ஆண்டு பால் வெட்டியவர் இந்த நாட்டுக்காரர்தானா என்று பத்திரம் கேட்பது நமக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆயினும் பத்திரத்தைக் கொண்டுதான் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும்.

இரண்டாவது, பி.பி.ஆர். எனப்படும் மக்கள் வீடமைப்புத் திட்டம். இதில் தீபகற்பத்தில் மாத வாடகை 124 வெள்ளி. மூன்று அறை, கூடம், சமையலறை கொண்ட சுமார் 700 சதுர அடி வீடு. குடும்ப வருமானம் மாதம் 3,000 வெள்ளிக்கு மேற்படாத, சொந்த வீடு இல்லாத குடிமக்கள் மனுச் செய்யலாம். ஜொகூர் பாருவில் ஸ்ரீ ஸ்டூலாங், ஸ்கூடாய்ப் பக்கம் மெலானா இண்டா போன்ற இடங்களில் இத்தகைய அடுக்குமாடிகள் இருக்கின்றன.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025-ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக்கப்பட்டது. மகனும் மருமகளும் ஆளுக்கு 1,700 வாங்கினால் 3,400 ஆகிறது. அவர்களோடு சேர்ந்து ஒரே குடும்பமாக மனுச் செய்தால் வரம்பு தாண்டிவிடும். தனியே வாழும் பெரியவர்கள் தங்கள் பெயரில் தங்கள் வருமானத்தை மட்டும் காட்டி மனுச் செய்வது வேறு நிலை. அப்படி வீடு கிடைத்து, 600 வெள்ளி உதவித்தொகையும் கிடைக்குமானால், வாடகை போக 476 வெள்ளி மிஞ்சும். அரிசி பருப்புக்கும் மருந்துக்குப் போய்வரவும் அதில் சிக்கனமாகக் காலம் தள்ளலாம். வெளியில் 500 வெள்ளி வாடகை என்றால் மிஞ்சுவது 100 வெள்ளி. இந்த இரண்டு எண்களுக்கும் இடையில்தான் ஒரு முதியவரின் மானம் தொங்கிக்கொண்டிருக்கிறது.

வீடு உடனே கிடைத்துவிடும் என்று நாங்கள் சொல்லமாட்டோம். காத்திருக்க வேண்டும். ஆகையால் 60 வயது வரும் வரையில் பொறுத்திருந்து, சாவியைக் கொடுத்த மறுநாள் ஓடக் கூடாது. குடும்ப வருமானம் வரம்புக்குள் இருந்தால் வேலையில் இருக்கும்போதே மனுவைப் போட்டு வைக்கலாம். முட்டி வலியோ இருதய நோயோ இருந்தால் மருத்துவர் கடிதம் இணைத்துக் கீழ்மாடி கேளுங்கள். மின்தூக்கி பழுதான நாளில் பத்தாவது மாடியில் இருக்கும் பாட்டிக்கு வீடே சிறைதான். இன்னொன்று: 124 வெள்ளிதானே என்று மாதக்கணக்கில் நிலுவை வைத்து, பிறகு வீட்டையே இழந்தவர்களும் இருக்கிறார்கள்.

இவ்வளவும் இருந்தும் மனுப் போடத் தயங்குகிறோமே, ஏன்? மகனுக்கு வெட்கம், ஊரார் என்ன சொல்வார்களோ என்ற அச்சம். அம்மா வெல்பேர் பணம் வாங்குகிறாள் என்றால் தன்னைக் கையாலாகாதவன் என்பார்களே என்று நினைக்கிறான். நாங்கள் அறிந்த ஓர் அம்மா, 31 ஆண்டு பால்மரம் வெட்டியவர், மகன் வீட்டில் மூன்று மாதம், மகள் வீட்டில் மூன்று மாதம் என்று ஒரு பையோடு அலைந்துகொண்டிருந்தார். "எனக்கு என்ன குறை, ரெண்டு வீடு இருக்கு" என்று சிரிப்பார். பேத்தியின் பள்ளிப் பாரத்தில் தாமும் அதே முகவரியைச் சொல்வதா என்று ஒருநாள் அவர் தயங்கியபோதுதான், அவருக்கு ஒரு வீடும் இல்லை என்பது எங்களுக்குப் புரிந்தது. பிறகு உதவித்தொகை மனு போட்டார். மகனும் சேர்ந்து வந்து கையெழுத்துப் போட்டார். இன்று மகள் வீட்டுக்கு அருகிலேயே ஓர் அறை எடுத்து இருக்கிறார். வாடகையில் பாதியை மகன் தருகிறார். தாயும் மகளும் முன்னைவிட ஒற்றுமையாக இருப்பதாகக் கேள்வி.

வீடு மாறினால் முகவரியை உடனே சமூகநல அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். மாவட்டம் மாறினால் கோப்பும் மாற வேண்டும். உதவித்தொகையை அவ்வப்போது மறுபரிசீலனை செய்வார்கள். தோட்டத்து முகவரிக்குப் போன கடிதத்தைப் பிரித்துப் பார்க்க அங்கே ஆள் இல்லாமல், உதவி நின்றுபோனவர்களும் உண்டு.

யாருமே இல்லாத, தம் காரியத்தைத் தாமே செய்துகொள்ளக்கூடிய முதியோருக்கு அரசாங்கத்தின் ஸ்ரீ கெனாங்கான் இல்லங்கள் இருக்கின்றன. ஜொகூர் பாருவிலும் ஒன்று உண்டு. 60 வயது நிறைந்து, உறவினரும் தங்குமிடமும் இல்லாதவர்களை அங்கே சேர்த்துக்கொள்கிறார்கள். ஆளில்லாத லயத்தில் தனியே விடப்பட்ட பெரியவர் ஒருவர் உங்கள் கண்ணில் பட்டால், அவர் உறவுக்காரராக இருக்க வேண்டியதில்லை. 15999 என்ற 'தாலியான் காசே' தொலைபேசி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் யாரும் தகவல் கொடுக்கலாம். தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்தின் எண், அருகில் உள்ள பட்டணம், மாவட்டம் இவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். கூகுள் வரைபடத்தில் நம் லயங்கள் பல இன்னும் ஏறவில்லை. பிரதான சாலையிலிருந்து எந்தப் பனைமண் ரோட்டில் திரும்ப வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னால், வரும் அதிகாரி அன்றைக்கே வந்து சேர்வார்.