கடைசிக் குளம் வரைக்கும்

(அவிநாசியில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"இணைய வலையும் உயர்கல்வியும்" என்று தலைப்பைக் கொடுத்து, பத்து நிமிடத்தில் முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். சாப்பாட்டு நேரமும் நெருங்குகிறது. அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேனுங்க.

இணையம் என்றால் நமக்கு சினிமாவும் வாட்ஸ்அப்பும்தான் ஞாபகம் வருகிறது. ஆனால் இந்தியாவில் அதை முதலில் பயன்படுத்தியவர்கள் பேராசிரியர்கள். 1986-இல் மத்திய அரசின் மின்னணுத் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு 'எர்நெட்' என்ற வலையமைப்பைத் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் ஆரம்பத்திலேயே அதில் சேர்ந்தவை. பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். இணையம் கொடுத்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. ஊருக்கு வருவதற்கு பல வருடம் முன்பே ஆராய்ச்சியாளர்களுக்கு வந்துவிட்டது.

பிறகு 2010-இல் தேசிய அறிவு வலையமைப்புக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பெரிய பல்கலைக்கழகங்களையும் ஆய்வுக்கூடங்களையும் ஜிகாபிட் வேகத்தில் இணைக்கிற திட்டம் அது. பெரிய இடங்களுக்குக் கிடைத்துவிட்டது. சின்ன ஊர்க் கல்லூரிக்கு என்ன வந்தது என்பதுதான் கேள்வி.

இதை விளக்க நம் ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அத்திக்கடவு–அவிநாசித் திட்டம். அறுபது வருடக் கோரிக்கை. 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. பவானி ஆற்றின் உபரி நீர் 1.5 டி.எம்.சி.யை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக மேலேற்றி, குழாய் மூலம் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டு போகிறார்கள். ஆற்றில் தண்ணீர் போகிறது என்பதால் நம் குளம் நிறைந்துவிடாது. குழாய் வேண்டும், ஏற்றிவிட மோட்டார் வேண்டும், வந்து சேர்கிற குளமும் தூர்வாரி இருக்க வேண்டும். கல்வி வலையும் இதே சங்கதிதானுங்க.

பாடத்தைப் பொறுத்தவரை குழாய் வந்துவிட்டது. 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். மூலம் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் வகுப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. 2014 முதல் தேர்வு எழுதிச் சான்றிதழும் பெறலாம். கருவி வாங்க வசதியில்லாத கல்லூரிக்கு 'விர்ச்சுவல் லேப்ஸ்' இருக்கிறது. அதன் பல சோதனைகளைத் தயாரித்தது நம் எட்டிமடை அமிர்தா பல்கலைக்கழகம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் லட்சக்கணக்கான ஆய்வேடுகள் 'சோத்கங்கா'வில் யாரும் படிக்கும்படி கிடக்கின்றன.

ஆராய்ச்சிக் கட்டுரைகளில்தான் சிக்கல். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 வெளியீட்டாளர்கள், ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள். நல்ல திட்டம், பாராட்ட வேண்டும். ஆனால் இந்த முதல் கட்டம் மத்திய, மாநில அரசுகளின் நிர்வாகத்தில் உள்ள நிறுவனங்களுக்கு மட்டும்தான். கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் பிள்ளைகள் பெருவாரியாகப் படிப்பது எங்கே? நம்முடையதைப் போன்ற தனியார் கல்லூரிகளில். குழாய் நம் காம்பவுண்டுக்கு வெளியே நின்றுவிட்டது.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது உங்களுக்குத் தெரியும். பனியன் தொழிலே ஆடிப்போனது. கழிவுநீரைச் சுத்திகரித்த பிறகு மிஞ்சுகிற உப்பையும் கசடையும் என்ன செய்வது என்பது இன்றைக்கும் தலைவலிதான். அதற்கு வழி தேட வேண்டிய பிள்ளை நொய்யல் கரையில்தான் வளர்கிறான். அவனுக்கு வேண்டிய கட்டுரையோ பணம் கட்டினால்தான் திறக்கும். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு ப்ராஜெக்ட் எழுதுகிறான். அவன் மூளையில் குறை இல்லைங்க; குழாயில்தான் குறை.

சரி, நாம் என்ன செய்யலாம்? மூன்று யோசனை சொல்கிறேன்.

ஒன்று, அடுத்த கட்டத்தில் தனியார் கல்லூரி மாணவர்களையும் சேர்க்கும்படி நம் சங்கத்தின் பெயரில் மத்திய கல்வி அமைச்சகத்துக்கு ஒரு மனு. வட்டாரத்தின் மற்றக் கல்லூரிச் சங்கங்களையும் கையெழுத்துப் போடச் சொல்லுவோம். அறுபது வருடம் விடாமல் கேட்டுத் தண்ணீர் வாங்கிய ஊர் இது. கேட்பதற்கு நமக்குக் கூச்சம் எதற்கு?

இரண்டு, அதுவரை சும்மா இருக்க வேண்டாம். முறையாக இலவசமாகக் கிடைப்பதே ஏராளம். கட்டுரை எழுதியவருக்கே மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போட்டால் பல பேர் பிரதி அனுப்புகிறார்கள். இதையெல்லாம் முதலாண்டிலேயே சொல்லிக்கொடுக்க நூலகத்தில் ஒரு மேசையும் ஒரு பொறுப்பாளரும் வேண்டும். அந்தச் செலவை எங்கள் பேட்ச் ஏற்றுக்கொள்கிறது.

மூன்று, குளத்தைத் தூர்வாருவது. காணொளி பாடம் நடத்தும். பையன் முகத்தைப் பார்த்து, புரியவில்லை என்று கண்டுபிடிக்காது. அதற்கு ஆசிரியர் வேண்டும், அவருக்குத் துணையாக நாமும் வேண்டும். மாதம் ஒரு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம், ஒருவருக்கு மூன்று மாணவர்கள். அமெரிக்காவில் இருந்தாலும் அன்னூரில் இருந்தாலும் ஒன்றுதான். வலை எதற்கு இருக்கிறது?

வெளியே பதிவு மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். சாப்பிடப் போகும் முன் பெயரும் உங்கள் துறையும் எழுதிவிட்டுப் போங்க. பந்தி எங்கும் ஓடிவிடாது.