பனிமலைக்கு வீட்டோடு ஒரு பயணம்

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் சி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

ஸ்காட்லாந்து படங்களை வாட்ஸ்அப் குழுவில் பார்த்திருப்பீர்கள். படத்தில் வராத விஷயங்களை இன்று சொல்கிறேன். அங்கே பிள்ளைகள் இருக்கும் வீடுகள் நம் குடியிருப்பில் நிறைய உண்டு, உங்களுக்கும் உதவும்.

எங்கள் மகன் எடின்பரோவில் இருக்கிறான். பிப்ரவரியில் அவன் குடும்பத்தோடு நானும் மனைவியும் ஒரு மோட்டார்ஹோமில் ஆறு நாள் புறப்பட்டோம். படுக்கை, அடுப்பு, கழிப்பறை, ஹீட்டர் எல்லாம் உள்ள வேன் அது. பேரனுக்குப் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ள ஆசை.

ஸ்காட்லாந்தில் பெரிய பனிச்சறுக்கு மையங்கள் ஐந்து: கிளென்கோ, நெவிஸ் ரேஞ்ச், கெய்ர்ன்கார்ம், லெக்ட், கிளென்ஷீ. ஆல்ப்ஸ் மாதிரி உயரமான மலைகள் இல்லை. பிரிட்டனிலேயே உயரமான பென் நெவிஸ் 1,345 மீட்டர்தான். இன்று கொட்டிய பனி நாளை மழையில் கரைந்துவிடலாம். பனி இருந்தாலும் காற்று பலமாக அடித்தால் லிஃப்டை நிறுத்திவிடுவார்கள். ஒரே ஊரில் ஓட்டல் போட்டால் அங்கேயே மாட்டிக்கொள்வோம். வேன் இருந்தால் பனி இருக்கும் பக்கம் போகலாம்.

ஆனால் வேனைக் குளிருக்குத் தயார் செய்ய வேண்டும். முதலில் கேஸ். பியூட்டேன் பூஜ்ய டிகிரிக்குப் பக்கத்திலேயே ஆவியாவதை நிறுத்திவிடும்; நடுராத்திரியில் ஹீட்டர் அணைந்துவிடும். புரொப்பேன் மைனஸ் 40 வரை வேலை செய்யும். அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். இரண்டாவது, கழிவுநீர்த் தொட்டி உறைந்துவிடும். அதன் குழாயைத் திறந்து வைத்து, கீழே ஒரு வாளி வைத்தோம். மூன்றாவது, காற்றுத் துவாரங்கள். குளிருக்குப் பயந்து முதல் இரவு என் மனைவி அவற்றில் துணியை அடைத்துவிட்டாள். மகன் பதறிப்போய் எடுத்தான். அடுப்பு, ஹீட்டர் உள்ள வண்டியில் அது உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடு அலாரமும் கட்டாயம் வேண்டும்.

அந்த நாட்டில் மலையில் நடக்கவும் கூடாரம் போடவும் பொதுமக்களுக்கு உரிமை உண்டு. அந்த உரிமை மோட்டார் வண்டிகளுக்குக் கிடையாது. அதனால் மின் இணைப்பு உள்ள முகாமிடத்தை முன்பே பதிவு செய்யுங்கள். குளிர்காலத்தில் பல இடங்கள் மூடியிருக்கும்.

இனி மூன்றாம் நாளுக்கு வருகிறேன். பிரேமார் என்ற சிற்றூரில் தங்கியிருந்தோம். பக்கத்திலுள்ள கிளென்ஷீயில் காற்றால் லிஃப்ட் ஓடவில்லை. லெக்ட் திறந்திருக்கிறது என்று தெரிந்ததும் கிளம்பினோம். காக்பிரிட்ஜில் சாலை செங்குத்தாக ஏறும். ஐந்தடிக்கு ஓரடி உயரம். பனி அதிகமானால் சாலையை மூட அங்கே கேட் வைத்திருக்கிறார்கள். நாங்கள் போனபோது கேட் திறந்துதான் இருந்தது. ஆனால் பனி பொழியத் தொடங்கியிருந்தது.

மகன் வண்டியை ஓரம் கட்டினான். "திரும்பிடலாம்பா" என்றான். பேரன் அழ ஆரம்பித்தான். நான் சொன்னேன்: "இவ்வளவு தூரம் வந்துட்டோமேப்பா, இன்னும் கொஞ்சம்தானே?"

மகன் பதில் பேசாமல் வண்டியைத் திருப்பினான். எனக்குக் கோபம். பிரேமார் வரும்வரை யாரும் பேசவில்லை. சாயங்காலம் போனில் பார்த்தால், அந்தச் சாலையை மூடிவிட்டார்கள். மூன்றரை டன் வண்டி, உள்ளே ஒரு குழந்தை, இரண்டு முதியவர்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான்காம் நாளும் காற்று. வேனுக்குள் சீட்டு விளையாடினோம். ஐந்தாம் நாள் காலை கிளென்ஷீ திறந்தது. பேரன் அரைநாள் சறுக்கினான். சறுக்கியதைவிட விழுந்ததே அதிகம்; ஆனாலும் ஊர் வந்தும் அதே பேச்சுதான்.

போக நினைப்பவர்களுக்கு இரண்டு யோசனைகள். ஆறு நாள் போனால், பனிச்சறுக்கு இரண்டு நாள் கிடைக்கும் என்றே கணக்குப் போடுங்கள். திரும்பலாமா வேண்டாமா என்பதை ஓட்டுபவர்தான் முடிவு செய்வார், மற்றவர்கள் வாதாடக் கூடாது என்று வீட்டிலேயே பேசி வைத்துக்கொண்டு கிளம்புங்கள். "இவ்வளவு தூரம் வந்துட்டோமே" என்று சொல்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெரியவராகத்தான் இருப்பார். இங்கே அது நான்தான்.