சிவப்புப் பொட்டும் மஞ்சள் பொட்டும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. பேசிய நடையிலேயே அச்சிடப்படுகிறது.)



"என்ன தலைப்பில் பேசப் போறீங்க சார்?" என்று செயலாளர் போனில் கேட்டார். "கம்ப்யூட்டர்ல ஐகான் மேல நம்பர் போட்டு ஒரு சிவப்புப் பொட்டு வருமே, அதைப் பத்தி" என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "செயற்கை நுண்ணறிவு பத்திப் பேசுவீங்கன்னு நினைச்சோம் சார்" என்றார். அதைப் பேச என்னைவிடத் தெரிந்தவர்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள். ஆனால் இந்தப் பொட்டினால் என்னைப்போல் அவதிப்பட்டவர் இந்த அரங்கில் இன்னொருவர் இருக்க முடியாது. அந்தத் தகுதியில்தான் பேச வந்திருக்கிறேன்.

அதை 'பேட்ஜ்' என்கிறார்கள். நான் பொட்டு என்றே சொல்கிறேன். படிக்காத கடிதம் 3 என்றால் ஐகானின் மூலையில் 3 என்று எழுதிய ஒரு சின்ன வட்டம். அவ்வளவுதான் விஷயம்.

இது நேற்று முளைத்தது இல்லை. 1980இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து யூனிக்ஸில் 'பிஃப்' என்று ஒரு கட்டளை வந்தது. கடிதம் வந்தால் திரையில் சொல்லும். அந்த வளாகத்தில் எல்லோருக்கும் பழக்கமான ஒரு நாயின் பெயர் பிஃப், அதையே வைத்துவிட்டார்கள். பிறகு எக்ஸ் விண்டோ வந்தபோது 'எக்ஸ்பிஃப்' வந்தது. நாங்கள் இங்கே கணினி மையத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போன தலைமுறை. வேலைக்குப் போன இடத்தில்தான் முதன்முதலாக எக்ஸ்பிஃப் பார்த்தேன். திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு தபால் பெட்டி. 30 நொடிக்கு ஒருமுறை தானே போய்ப் பார்க்கும். கடிதம் இருந்தால் பெட்டியின் கொடி நிமிரும். கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறும். நிறம் பிடிக்கவில்லையா, மாற்றிக்கொள்ளலாம். பெட்டிப் படமே பிடிக்கவில்லையா, வேறு படம் வைத்துக்கொள்ளலாம். ஒருத்தரும் தடுக்க மாட்டார்கள்.

2001இல் மேக் ஓஎஸ் எக்ஸ் வந்தது. அதன் அடிப்பட்டைக்கு டாக் என்று பெயர். அதில் உட்கார்ந்த சிவப்புப் பொட்டை 2007இல் ஐபோன் ஊருக்கெல்லாம் பழக்கப்படுத்திவிட்டது. 2009இல் விண்டோஸ் 7, டாஸ்க்பார் ஐகானின் மூலையில் 16க்கு 16 புள்ளி அளவில் ஒரு சின்னக் குறி போட வழி செய்தது. இப்படியாக எல்லாக் கணினியிலும் பொட்டு வந்து சேர்ந்தது. பெரும்பாலும் சிவப்புப் பொட்டு.

இங்கேதான் என் கதை ஆரம்பம்.

என் வகுப்புத் தோழர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். ஹாஸ்டல் மைதானத்தில் பந்து என் பக்கம் வந்தால் எல்லோரும் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். "கண்ணு முன்னால கிடக்குதுடா, எடுத்து எறிடா" என்று கத்துவார்கள். பச்சைப் புல்லில் சிவப்புப் பந்து. எனக்குத் தெரியாது. லேபில் ரெசிஸ்டர் எடுத்தாலும் அதே கதை. பழுப்பு, சிவப்பு, சிவப்பு என்றால் 1.2 கிலோ ஓம். பழுப்பு, பச்சை, சிவப்பு என்றால் 1.5 கிலோ ஓம். எனக்கு இரண்டும் ஒரே மண் நிறம். என் லேப் பார்ட்னர்தான் வாய்விட்டுப் படிப்பான், நான் எழுதிக்கொள்வேன். நான்கு வருஷம் என் கண்ணாக இருந்தவன். அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் எழுந்து போய்விடுவான்.

படிப்பு முடிந்து ஒரு வேலைக்கு மருத்துவப் பரிசோதனை. 1917இல் ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா வெளியிட்ட புள்ளிப் படப் புத்தகத்தை விரித்து, "என்ன நம்பர் தெரியுது?" என்றார் டாக்டர். "எந்த நம்பர் சார்?" என்றேன். வேலை போயிற்று, காரணம் தெரிந்தது.

நம் கண்ணில் நிறம் பார்க்கும் கூம்புச் செல்கள் மூன்று வகை. சிவப்புப் பக்கத்து ஒளியை வாங்கும் வகை என்னிடம் ஒழுங்காக இல்லை. அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண்களுக்கு ஒரு எக்ஸ்தான் என்பதால் ஆண்களிடம்தான் இந்தக் குறை அதிகம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் 100க்குச் சுமார் 8 பேருக்கு ஏதோ ஒரு வகைச் சிவப்பு-பச்சைக் குறை உண்டு. அணுக் கொள்கை சொன்ன ஜான் டால்டனுக்கும் இருந்தது. 1794இல் தன் கண்ணைப் பற்றித் தானே ஒரு கட்டுரை வாசித்தார். அவர் கண்ணைப் பத்திரப்படுத்தி வைத்திருந்து, 1995இல் அதன் மரபணுவைப் பார்த்து, பச்சைப் பக்கத்து நிறமி இல்லாதவர் என்று உறுதி செய்தார்கள். எனக்குச் சிவப்பு, அவருக்குப் பச்சை. அந்த அளவுக்குத்தான் எனக்கும் டால்டனுக்கும் ஒற்றுமை.

சிவப்புக் குறை உள்ளவனுக்குச் சிவப்பு வேறு நிறமாகத் தெரிவது மட்டுமில்லை, இருண்டும் தெரியும். கறுத்த பட்டையின்மேல் சிவப்புப் பொட்டு வைத்தால் பொட்டு மறைந்துபோகும். உள்ளே இருக்கும் வெள்ளை எண் மட்டும் மிதக்கும். ஐகானிலேயே வெள்ளைக் கோடு இருந்தால் அதுவும் அதோடு கலந்துவிடும்.

2022இல் ஒரு நாள். என் போன் ரிப்பேர் கடையில் கிடந்தது. வீட்டு மேசைக் கணினியில் செய்திச் செயலி ஓடிக்கொண்டிருந்தது. ஏதாவது வந்தால் அதில் தெரியும் என்று நிம்மதியாக வேலை பார்த்தேன். குழுக்களில் படிக்காமல் விட்டது ஏற்கெனவே 14 இருந்தது. அது 15 ஆனதை நான் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் போன் வந்த பிறகுதான் பார்த்தேன். லேப் பார்ட்னர் அனுப்பியிருந்தான்: "அம்மா போய்ட்டாங்கடா. நாளைக்குக் காலைல எடுக்கிறோம்."

அந்த அம்மாவை எங்கள் செட்டில் தெரியாதவர்கள் இல்லை. ஹாஸ்டல் மெஸ் மூடிய நாளெல்லாம் ஏழெட்டுப் பேர் அவர்கள் வீட்டில் போய் உட்கார்ந்துவிடுவோம். முகம் சுளிக்காமல் தோசை வார்த்துப் போட்டவர்கள். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போய் நிற்கணும் என்பார்கள் நம் ஊரில். நான் போய் நிற்கவில்லை.

நாலாம் நாள் போனேன். வாசலில் என்னைப் பார்த்து, "வாங்க" என்றான். முப்பது வருஷத்துக்கும் மேலான பழக்கத்தில் அவன் என்னை "வாங்க" என்றது அன்றுதான். "வேலையா இருந்திருப்பீங்க, பரவால்லை" என்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மறுபடி போனேன். கூட்டம் கலைந்த பிறகு திண்ணையில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். போன் ரிப்பேர், கறுத்த பட்டை, சிவப்புப் பொட்டு, எல்லாம். சொல்லும்போதே எனக்கே சாக்குப்போக்கு மாதிரிதான் இருந்தது. அவன் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னான்: "ரெசிஸ்டர் கலர் தெரியாதவனுக்குப் பொட்டு கலர் மட்டும் எப்படிடா தெரியும்?"

அந்த 'டா' வந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்த வாரமே என் வீட்டுக்கு வந்தான். "காட்டு, என்ன பண்ணலாம்னு பார்ப்போம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். நாங்கள் கண்டுபிடித்ததை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

விண்டோஸில் பொட்டின் நிறத்தை மட்டும் மாற்ற செட்டிங்ஸில் இடமில்லை. டாஸ்க்பார் செட்டிங்ஸில் பொட்டே வேண்டாம் என்று அணைக்கலாம். அணுகல்தன்மைப் பகுதியில் நிற வடிகட்டிகள் இருக்கின்றன. சிவப்புக் குறைக்குத் தனியாக, பச்சைக் குறைக்குத் தனியாக. ஆனால் அது முழுத் திரையையும் மாற்றும். பட்டையை வெளிர் நிறத்துக்கு மாற்றிக்கொள்வது பல பேருக்குப் போதும். மேக்கிலும் வடிகட்டி உண்டு, எந்தச் செயலிக்குப் பொட்டு வேண்டும், எதற்கு வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லலாம். நிறம் மட்டும் அவர்கள் வைத்ததுதான். நிரல் எழுதுபவருக்கும் அங்கே அதே கதி. பொட்டுக்குள் என்ன எழுத வேண்டும் என்று கொடுக்கலாம். நிறம் வேண்டுமென்றால் ஐகானையே தானாக வரைந்துகொள்ள வேண்டும்.

லினக்ஸில் கதவு திறந்திருக்கிறது. 2017 அக்டோபரில் வந்த 17.10இலிருந்து உபுண்டுவின் இடது பக்கப் பட்டை, 'டேஷ் டு டாக்' என்ற நீட்சியிலிருந்து செய்தது. அதன் பொட்டின் தோற்றம், இணையப் பக்கங்களுக்கு எழுதுவது போன்ற ஒரு சிஎஸ்எஸ் கோப்பில் இருக்கிறது. அதைத் திறந்து 'நோட்டிஃபிகேஷன் பேட்ஜ்' என்ற பெயரைத் தேடினால், பின்னணி நிறம், எழுத்து நிறம், ஓர இடைவெளி, மூலை வளைவு எல்லாம் வரிசையாக நிற்கும். நான்கு வரி மாற்றினால் பொட்டு மாறும். மூன்று எச்சரிக்கை: தொடும் முன்பு அசல் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள். மாற்றிய பிறகு வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். அடுத்த அப்டேட் வந்தால் நீங்கள் செய்தது அழிந்துவிடும், அதனால் மாற்றிய வரிகளைத் தனியாக எழுதி வையுங்கள்.

என்ன நிறம் வைப்பது? கண்ணை நம்ப முடியாதவன் கணக்கை நம்பணும். இணைய அணுகல்தன்மை நெறிமுறையில் நிற வேறுபாட்டுக்கு ஒரு விகிதம் உண்டு. சின்ன எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 வேண்டும். சுத்தச் சிவப்பின்மேல் வெள்ளை எழுத்துக்கு அது 4தான். என்னைப் போன்றவர்களுக்கு அந்தச் சிவப்பே பட்டையோடு போய்விடுகிறது என்பது வேறு. சுத்த மஞ்சளின்மேல் கறுப்பு எழுத்துக்கோ 19.5க்கு மேல்! "நம்ம வாடகை வண்டி நம்பர் பிளேட்டுடா இது" என்றான் நண்பன். மஞ்சள் போட்டோம். எழுத்தைக் கறுப்பாக்கிக் கொஞ்சம் பெரிதாக்கினோம். மூலை வளைவைக் குறைத்துச் சதுரமாக்கினோம், நிறம் ஏமாற்றினாலும் வடிவம் சொல்லட்டும் என்று. அவன் ஒவ்வொரு நிறமாகப் படித்துச் சொல்ல, நான் எண்ணை எழுதினேன். லேப் மாதிரியே இருந்தது.

எழுந்து போகும்போது அவன் கேட்டான்: "மஞ்சளாவே இருந்திருந்தாலும், 14 பதினஞ்சானது உனக்குத் தெரிஞ்சிருக்குமா?" பதில் சொல்ல முடியவில்லை. வாழைப்பழ விலையும் காலை வணக்கமும் பிறந்தநாள் வாழ்த்தும் சேர்ந்த 14க்குள் ஒரு அம்மாவின் சாவு போய் ஒளிந்துகொண்டால், அது நிறத்தின் குற்றம் மட்டுமில்லை. அன்றைக்கே உட்கார்ந்து ஒவ்வொரு செயலியாக, ஒவ்வொரு குழுவாகப் பொட்டை எடுத்தேன். இப்போது என் கணினியில் மூன்று பேருடைய செய்திக்கு மட்டும் பொட்டு வரும். பெரும்பாலும் பட்டை வெறுமையாக இருக்கும். மஞ்சள் தெரிந்தால் எழுந்து பார்ப்பேன்.

மாணவச் செல்வங்களே, உங்களில் பல பேர் நாளைக்கு இந்தப் பொட்டை எழுதப் போகிறவர்கள். இரண்டு வார்த்தை சொல்லி முடிக்கிறேன். ஒரு செய்தியை நிறத்தை மட்டும் நம்பிச் சொல்லாதீர்கள். வடிவம், எழுத்து, இடம், இவற்றில் ஒன்றாவது துணைக்கு நிற்கட்டும். அந்தப் பழைய தபால் பெட்டிக்கு நிறமே கிடையாது. கொடியை நிமிர்த்திச் சொன்னது, எனக்கும் தெரிந்தது. இரண்டாவது, உபயோகிக்கிறவன் மாற்றிக்கொள்ள ஒரு சின்னக் கதவாவது திறந்து வையுங்கள். உங்கள் பக்கத்தில் லேபில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று கேட்டு எழுதுங்கள். அவனாகச் சொல்ல மாட்டான். நான் சொன்னதில்லை.

என் தோழர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் கணினியைத் திறந்து பாருங்கள். எத்தனை பொட்டு இருக்கிறது, அதற்கு அடியில் யார் பேர் கிடக்கிறது என்று பாருங்கள்.

மூன்றாவது வரிசையில் ஒருவன் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறான். "போதும்டா" என்று அர்த்தம். அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.