ஜப்பான் ரயில் பிளானும் சிவகாசி ஞாயிற்றுக்கிழமையும்

போன எபிசோடுல ஜப்பான்ல அஞ்சு நாள் ரயிலை மட்டும் வெச்சு எப்படி ஒரு ட்ரிப் பிளான் பண்றதுன்னு பேசினோம் இல்லையா, அதுக்கு நிறைய மெசேஜ் வந்துச்சு. பாதிப் பேர் விசா பத்திக் கேட்டிருந்தாங்க. ஒண்ணு மட்டும் வேற மாதிரி இருந்துச்சு. சிவகாசியில இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருந்தாங்க. பேர் சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க. சுருக்கமா இதுதான்: "அண்ணா, ஜப்பான் எல்லாம் இப்போதைக்கு ஆகாது. எங்கம்மா பதினெட்டு வருஷமா பட்டாசு ஆபீஸ் வேலைக்குப் போறாங்க. மலையில போற ரயில் வீடியோ வந்தா மட்டும் போனைக் கையில வாங்கிப் பாப்பாங்க. பீஸ் ரேட்டு வேலை, ஒரு நாள் லீவு போட்டா அன்னிக்குக் கூலி இல்லை. அதனால ஞாயித்துக்கிழமை மட்டும்தான். திங்கள் காலையில கம்பெனி வேன் வரும்போது தெருமுனையில நிக்கணும். இதுக்குள்ள ஏதாவது முடியுமா?"

வெளியூர்ல இருந்து கேக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. சிவகாசிப் பக்கம் ஆலைன்னு சொல்ல மாட்டாங்க, பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஜப்பான்ல நான் போட்ட பிளான்ல முக்கியமான லைன் ததாமி லைன். ஃபுகுஷிமா பக்கம் ஐசு-வகாமட்சுல கிளம்பி கொயிடே வரைக்கும் 135 கிலோமீட்டர், ஆத்தை ஒட்டியே போகும். முழு நீளத்துக்கும் போற வண்டி ஒரு நாளைக்கு மூணே மூணு. 2011 ஜூலை மழையில பாலங்கள் அடிச்சிட்டுப் போய், நடுவுல ஒரு 27 கிலோமீட்டர் அப்படியே நின்னுபோச்சு. திரும்ப ஓட 2022 அக்டோபர் ஆச்சு. பதினோரு வருஷம்! லாபமே இல்லாத லைன், மூடிடலாம்னுதான் பேச்சு. கடைசியில தண்டவாளத்தை மாகாண அரசு ஏத்துக்கிச்சு, வண்டியை மட்டும் ஜே.ஆர். ஓட்டுது.

ஒரு நாளைக்கு மூணு வண்டின்னா என்ன ஆகும்? ஊரைத் தேர்ந்தெடுத்துட்டு வண்டி தேட முடியாது. வண்டியைத் தேர்ந்தெடுத்துட்டு, அதைச் சுத்தி ஊர், சாப்பாடு, தூக்கம் எல்லாத்தையும் அடுக்கணும். என் ஷீட்ல ஒரு காலம் போட்டிருந்தேன்: "வெளிச்சம் இருக்கா?" மலைப் பகுதிக்குள்ள வண்டி எத்தனை மணிக்கு நுழையுது, எத்தனை மணிக்கு வெளிய வருது, அப்போ சூரியன் இருக்கா. அழகான லைன்ல இருட்டுல போறதும் ஒண்ணுதான், வீட்டுல தூங்கறதும் ஒண்ணுதான்.

இதே காலத்தைத் தங்கச்சி கேள்விக்குப் போட்டுப் பாத்தேன். விருதுநகர் மாவட்டத்துக்காரங்க வாசல்லயே ஒரு லைன் இருக்கு. விருதுநகர்ல பிரிஞ்சு திருத்தங்கல், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில், தென்காசி, செங்கோட்டை. அங்க இருந்து மேற்குத் தொடர்ச்சி மலையைக் குடைஞ்சு ஆரியங்காவு, தென்மலை, புனலூர், கொல்லம். நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு இது வெறும் "கொல்லம் மெயில் போற ரூட்டு". சென்னைக்குப் போக, சென்னையில இருந்து வர. அவ்வளவுதான்.

வரலாறு வேகமா சொல்லிடறேன். மலை தாண்டற பகுதி 1904-ல திறந்தது. திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கு வந்த முதல் ரயில் அதுதான், அதுவும் நம்ம பக்கத்துல இருந்துதான் போச்சு. செங்கோட்டையே அப்போ திருவிதாங்கூர்தான், 1956-லதான் தமிழ்நாட்டுக்கு வந்துச்சு. விருதுநகர்-தென்காசி லைன் பின்னாடி, 1927-ல. அப்புறம் மீட்டர் கேஜை அகலப் பாதையா மாத்தறதுக்காக மலைப்பகுதியை 2010-ல மூடினாங்க. முழுசாத் திரும்பத் திறக்க 2018. ததாமிக்குப் பதினோரு வருஷம், நமக்கு எட்டு. வித்தியாசம் என்னன்னா, அங்க ரயில் திரும்பி வந்ததைப் பாக்கவே கூட்டம் போச்சு. நம்ம ஊர்ல, சிவகாசியில ஏறி மூணு மணி நேரத்துல அந்த மலைக்குள்ள போயிடலாம்னு எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்போ வெளிச்சம் காலம். சென்னை-கொல்லம் எக்ஸ்பிரஸ் நள்ளிரவு தாண்டித்தான் சிவகாசிக்கு வரும், மலையில பெரும்பகுதி இருட்டு. பாலருவி எக்ஸ்பிரஸும் ராத்திரி வண்டி, அது திருநெல்வேலி வழி. பகல்ல மலையைத் தாண்டற தினசரி வண்டின்னா மதுரை-குருவாயூர் எக்ஸ்பிரஸ். 2023-ல மூணு வண்டியை ஒண்ணாச் சேர்த்து ஓட விட்டாங்க. மதுரையில காலை பதினொண்ணு வாக்குல கிளம்பி, சாயங்காலம் கொல்லம். திரும்பற வண்டி கொல்லத்துல மதியம் பன்னிரண்டு மணி வாக்குல, சாயங்காலத்துக்குள்ள சிவகாசி.

ரெண்டு நாள் இருந்தா சுலபம். போறதும் வர்றதும் இதே வண்டி, நடுவுல ஒரு ராத்திரி கொல்லம். ஆனா தங்கச்சிக்கு ஒரே நாள். போற வண்டியும் வர்ற வண்டியும் மலைப்பக்கமே ஒண்ணை ஒண்ணு தாண்டிடும், அதனால காலையில போயிட்டு இதே ஜோடியில திரும்பறது ஆகாது.

அப்போதான் அந்த இருட்டு வண்டி உபயோகமாச்சு. சனிக்கிழமை வேலை முடிச்சு, சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணசந்துட்டு, நள்ளிரவுக்கு மேல ஸ்டேஷன். கொல்லம் எக்ஸ்பிரஸ்ல ஸ்லீப்பர். போகும்போது மலையைப் பாக்கவே வேணாம், தூங்கட்டும். விடிஞ்சா கொல்லம். அங்க காலை நேரம் முழுக்க இருக்கு. மதிய வண்டியில ஏறினா மலை முழுசும் வெளிச்சத்துல வரும். ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு. சனிக்கிழமை கூலியும் போகலை, திங்கள் வேனும் தப்பலை. ஒரு ராத்திரி லாட்ஜ் செலவும் மிச்சம்.

டிக்கெட்ல ஒரு கண்ணி இருக்கு, கவனமாக் கேளுங்க. வண்டி சென்னையில சனிக்கிழமை கிளம்புது. ஆனா சிவகாசிக்கு வரும்போது மணி பன்னிரண்டு தாண்டி, தேதி மாறிடும். நீங்க ஏறும் ஊர் சிவகாசின்னா பயணத் தேதி ஞாயித்துக்கிழமை. சனின்னு போட்டா, அது வெள்ளிக்கிழமை சென்னையில கிளம்புன வண்டி, நீங்க போகும்போது அது முந்தின ராத்திரியே போயிருக்கும். சாஃப்ட்வேர்ல நாங்க தேதி மாறற பக் பாத்தே பாதி வாழ்க்கை போகுது, அதனால இதை அழுத்திச் சொல்றேன். அட்டவணை அப்பப்போ மாறும், புக் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு வண்டியோட நேரத்தையும் ஆப்ல பாத்துக்கோங்க.

கொல்லத்துல என்ன பண்றது? ரொம்ப ஓட வேணாம். ஸ்டேஷன் வெயிட்டிங் ரூம்ல முகம் கழுவி, வெளிய வந்து புட்டு கடலை சாப்பிட்டு, அஷ்டமுடி ஏரிக்கரைக்கோ கடற்கரைக்கோ ஆட்டோ. தங்கசேரியில 1902-ல கட்டின லைட்ஹவுஸ் இருக்கு. வெளிய நின்னு பாத்தாலே போதும், உள்ள ஏறணும்னு நேரத்தை விடாதீங்க. பதினொண்ணுக்குள்ள ஸ்டேஷன் திரும்பிடணும். அன்னிக்கு மெயின் ஐட்டம் மதிய வண்டிதான்.

ஏசி வேணாம், ஸ்லீப்பர் போதும். அந்தக் கண்ணாடி வழியா மலை பாக்கறதும் போன்ல வீடியோ பாக்கறதும் ஒண்ணுதான். புனலூர் வரைக்கும் ரப்பர், வீடுகள், சின்னச் சின்ன ஊர். புனலூர்ல கல்லடை ஆத்து மேல 1877-ல கட்டின தொங்கு பாலம் இருக்கு. பாக்கணும்னா ரெண்டு நாள் பிளான்ல வெச்சுக்கோங்க. புனலூர் தாண்டினதும் வண்டி மெதுவாகும். மலையில முப்பது கிலோமீட்டர் வேகம்தான். பின்னாடி இன்னொரு இன்ஜின் தள்ளும். கிட்டத்தட்ட ஐம்பது கிலோமீட்டர் மலை, அவசரமே இல்லாமப் போகும். எடமண், ஒற்றக்கல், தென்மலை. குகைக்குள்ள போகும்போது பெட்டி முழுக்க சின்னப் பசங்க கத்துவாங்க. பெரியவங்களும்தான்.

கழுதுருட்டி பக்கம் பதிமூணு கண் பாலம். மீட்டர் கேஜ் காலத்துக் கருங்கல் பாலம், அகலப் பாதை போட்டப்போ இடிக்காம பலப்படுத்தி வெச்சிருக்காங்க. ரீல்ஸ்ல எல்லாரும் போடற ஷாட் அதுதான். ஆனா உண்மையைச் சொல்லணும், ரயில்ல உக்காந்திருந்தா அந்தப் பாலம் அப்படித் தெரியாது. நீங்க அதுக்கு மேல இருக்கீங்க! கீழ தேசிய நெடுஞ்சாலையில நிக்கறவனுக்குத்தான் அந்தக் காட்சி. ததாமியிலயும் இதே கதைதான். போட்டோ எடுக்கறவங்க எதிர்மலையில நின்னு வண்டிக்காகக் காத்திருப்பாங்க. அதனால அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, இல்லைன்னா பாலம் எப்போ வரும்னு கேட்டுட்டே இருப்பாங்க. அதுக்காகப் படிக்கட்டுல தொங்கறதோ இறங்கித் தண்டவாளத்துல நடக்கறதோ வேண்டவே வேணாம்.

எனக்கு இந்த லைன்ல ரொம்பப் பிடிச்சது பாலம் இல்லை, ஆரியங்காவுக்கு அடுத்து வர்ற பெரிய குகை. அந்தப் பக்கம் கேரளா, இந்தப் பக்கம் பகவதிபுரம், நம்ம மாநிலம். ஜூன், ஜூலை, ஆகஸ்ட்ல போனீங்கன்னா குகைக்குள்ள நுழையும்போது ஜன்னல்ல மழை அடிச்சிட்டிருக்கும். வெளிய வந்தா தூறல், இன்னும் கொஞ்சம் வந்தா வெறும் காத்து. தென்காசி தாண்டினா வயல், காத்தாலை, ராஜபாளையம் வரும்போது தரை காஞ்சிருக்கும். மழை மறைவுப் பகுதின்னு பள்ளிக்கூடத்துல மேப்ல கோடு போட்டுக் காட்டினாங்களே, அதை ஒரு சாயங்காலத்துல ஜன்னல் வழியாப் பாத்திடலாம். சிவகாசியில ஏன் பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுத்தொழிலும் வந்துச்சுன்னு கேட்டா எல்லாரும் சொல்றது இந்தக் காஞ்ச மண்ணையும் வெயிலையும்தான். மழை மலைக்கு அந்தப் பக்கமே நின்னுடறதாலதான் இந்தப் பக்கம் மருந்து காயுது. தங்கச்சி, உங்கம்மா கைவேலைக்கும் அந்த மலைக்கும் சம்பந்தம் இருக்கு. செங்கோட்டையில இருந்து வீடு வரைக்கும் மலை இடது பக்கம் கூடவே வரும், அந்தப் பக்கம் சீட்டு பிடிங்க.

செலவு? ஜப்பான்ல ஏழு நாள் ரயில் பாஸ் 2023 அக்டோபர்ல 29,650 யென்ல இருந்து 50,000 யென் ஆச்சு. நம்ம காசுக்கு இருபத்தஞ்சாயிரத்துக்கு மேல. இங்க ரெண்டு பேருக்கு ஸ்லீப்பர், சாப்பாடு, ஆட்டோ எல்லாம் சேர்த்தாலும் அதுல ஒரு சின்னத் துண்டுதான்.

இன்னொண்ணு, இது சிவகாசிக்காரங்களுக்கு ஸ்பெஷல். கொல்லத்துல தெரிஞ்சவங்க இருந்தா கை வீசிட்டுப் போக மனசு வராது, ஒரு கிஃப்ட் பாக்ஸ் எடுத்துட்டுப் போவோம்னு தோணும். ரயில்ல பட்டாசு கொண்டு போகக் கூடாது. ரயில்வே சட்டம் 164-வது பிரிவு, மூணு வருஷம் வரைக்கும் சிறை, இல்ல ஆயிரம் ரூபா வரை அபராதம், இல்ல ரெண்டுமே. ரெண்டு மத்தாப்பூ பெட்டி கூட வேணாம். முதல் நாளே ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வாங்கி வெச்சுக்கோங்க.

மாசம் எதுன்னு கேட்டீங்கன்னா, ஜூன் கடைசியில இருந்து ஆகஸ்ட் வரைக்கும் பெஸ்ட். ஆனா குத்தாலம் சீசன், கூட்டம் இருக்கும், தீபாவளி ஆர்டர் வேலையும் சூடு பிடிக்கற நேரம். ஞாயித்துக்கிழமையும் வேலைக்குக் கூப்பிடறதுக்கு முன்னாடி ஒரு தேதியைப் பிடிச்சுப் போட்டுடுங்க. திரும்பற டிக்கெட்டை முதல்ல புக் பண்ணுங்க, அது கிடைச்ச பிறகு போற டிக்கெட். லோயர் பெர்த் அம்மாவுக்கு.

அடுத்த எபிசோடு ரெண்டு வாரம் கழிச்சு. தங்கச்சி, போயிட்டு வந்தா ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அம்மா பேசினா இன்னும் நல்லது.